குறை சொல்லாமல் இறங்கிய நாள்

ஆகஸ்ட் 1983: தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் இயந்திரவியல் கற்பித்து வந்த நான், ஓடி ஓய்ந்த வாடகைக் கார் ஒன்றை வாங்கினேன். கோவிலம்பாக்கத்தில் ஏழுமலை என்பவரின் லாரிக் கொட்டகையில் அது நிறுத்தப்பட்டது.

ஜனவரி 1984: பல்லாவரத்தைச் சேர்ந்த ஜமால் எங்களோடு இணைந்தான். ஓட்டுநர் இருவர், பழுது பார்ப்பவர் ஒருவர். அணி அவ்வளவே.

பிப்ரவரி 1984: சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் முதல் நெடுநேரப் பந்தயம். கார் பாதியில் நின்றது.

பிப்ரவரி 1987: மூன்றாம் இடம்.

பிப்ரவரி 1989: ஜமால் ஓட்டிக்கொண்டிருந்தபோது, பிரேக் பிடிக்காமல், கார் வளைவில் தடம் விலகிக் கவிழ்ந்தது. அவனுடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டது. அணி கலைந்தது.

அக்டோபர் 1998: ஜமால் மாரடைப்பால் இறந்தான்.

மேலே உள்ள வரிகளை, மாணவனின் செய்முறை ஏட்டைத் திருத்துவதுபோல் பலமுறை படித்துவிட்டேன். பிழை எதுவும் இல்லை. ஒரு வரி மட்டும் விடுபட்டிருக்கிறது. அதை இங்கே எழுதுகிறேன்.

பிரேக் கெட்டிருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லாமல் இறங்கினேன். காரணம், பொறாமை... வேறு காரணம் எதுவும் இல்லை!

நீங்கள் என்னைத் தடுத்துக் கேட்கலாம். உன் அணியைச் சேர்ந்தவன்மீதா? உன் காரையே ஓட்டி, உன் வெற்றிக்காக வியர்த்தவன்மீதா?

ஆம், அவன்மீதுதான். எதிரணிக்காரன்மீது எனக்கு ஒருநாளும் பொறாமை வந்ததில்லை. அவனிடம் நல்ல எஞ்சின் இருக்கிறது, புதிய டயர் இருக்கிறது என்று சொல்லி மனத்தை ஆற்றிக்கொள்ளலாம். உங்கள் இருக்கையில் உங்களுக்குப் பின் வந்து உட்காருபவனிடம் அந்தச் சமாதானம் செல்லாது. அதே எஞ்சின், அதே டயர், அதே வளைவு. அவன் வேகமாகப் போகிறான். நீங்கள் மெதுவாகப் போகிறீர்கள். வேறுபடுவது ஒன்றே ஒன்று... அது நீங்கள்!

அணி என் எண்ணம். என் பிடிவாதம் என்றும் சொல்லலாம். உராய்வையும் வெப்பத்தையும் பற்றிக் கரும்பலகையில் எழுதி எழுதி, அவற்றைக் கையாலும் காலாலும் தொட்டறிய வேண்டும் என்ற ஆசை நாற்பதைத் தாண்டிய வயதில் எனக்கு வந்தது. சக ஆசிரியர்கள் சிரித்தார்கள். ஏழுமலை சிரிக்கவில்லை.

அவர் கோவிலம்பாக்கத்தின் பழைய குடும்பத்தவர். சுற்றிலும் வயல்கள் வீட்டு மனைகளாக மாறத் தொடங்கியபோது லாரிகள் வாங்கி, செங்கல்லும் மணலும் ஏற்றி ஓட்டினார். தம் லாரிகளைத் தாமே பழுது பார்ப்பார்; பிறருடையவற்றையும் பார்த்துக் கொடுப்பார். அதிகம் பேசமாட்டார். நான் போனால் உள்ளேயிருந்து ஒரு நாற்காலி கொண்டுவந்து, துண்டால் துடைத்துப் போடுவார். அந்த மரியாதையை நான் மெத்தவும் விரும்பினேன்... ஜமால் வரும் வரையில்.

ஜமால் தோல் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவன். தங்கள் லாரி ஒன்று பழுதுக்கு நின்றதைப் பார்க்க வந்தவன், கறுப்பும் மஞ்சளும் உரிக்கப்படாத எங்கள் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

“இன்னா சார், மீட்டர காணோம்? பாரீஸ் கார்னர் போவுமா?”

“இது பந்தயக் கார்” என்றேன்.

“அப்ப ரிட்டன் சவாரி கெடையாது!”

ஏழுமலை சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் அதுவரை கேட்டதில்லை. அந்தச் சிரிப்பு எனக்குக் கிடைத்ததல்ல என்பதை அன்றே கவனித்துவிட்டேன்.

பெரும்பாக்கம் ஏரிக்கரை மண்சாலையில் அவனை ஓட்டவிட்டோம். நான் பல வாரங்களாகப் பழகிய சாலை அது. எந்தத் திருப்பத்தில் எந்த கியர் என்று கணக்கிட்டு வைத்திருந்தேன். அவன் ரப்பர் செருப்போடு ஏறினான். ஏதோ பாட்டைச் சத்தமாகப் பாடிக்கொண்டே போனான். திரும்பி வந்தபோது கடிகாரத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஏழுமலையின் முகமே போதுமானதாக இருந்தது.

“சார், ரெண்டாவது ஆளு வோணும்னு சொல்லிகினு இருந்தீங்களே... கெடச்சிட்டான்.”

அவர் தம் கையாலேயே ஓர் இளநீரைச் சீவி, “குடி பாய்” என்று அவனிடம் நீட்டினார்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. எனக்கு நாற்காலி, அவனுக்கு இளநீர். கேட்டால் எனக்கும் தந்திருப்பார். கேட்டுப் பெறுவதற்கா நான் ஏங்கினேன்?

இப்படிச் சிறிய பொருள்களில்தான் பொறாமை குடியேறுகிறது என்பதை எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில், லாரிகள் நிறையும் முன், தாம்பரத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரை காரை ஓட்டிச் சோதிப்போம். ஏழுமலை நரசிம்மரைத் தரிசித்துவிட்டு வந்து, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார். ஜமால் காரின்மேல் சாய்ந்தபடி, பிரசாதப் புளியோதரைக்காகக் கையை நீட்டிக்கொண்டு நிற்பான்.

“நைனா, உங்க சாமிகிட்ட நம்ம சார் பேர்ல ஒரு மனு குடுத்தியா?”

“இன்னா மனு?”

“வளைவுல மாட்டு வண்டி மாதிரி போறாரு, கொஞ்சம் தள்ளிவுடுன்னு!”

ஏழுமலை சிரித்தார். நானும் சிரித்தேன். என்னால் நன்றாகச் சிரிக்க முடியும்... உள்ளே என்ன நடந்தாலும்.

எங்கள் அணியின் ஒரு வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அது புரியாவிட்டால் என் குற்றத்தின் அளவு உங்களுக்குப் புரியாது.

ஆறு மணி நேரப் பந்தயத்தில் ஓட்டுநர்கள் முறை மாற்றி ஓட்டுவார்கள். ஒருவன் இறங்க, மற்றவன் ஏறுவான். பணக்கார அணிகளுக்கு அந்த இடைவேளையில் ஆள் மேல் ஆள் இருந்தார்கள். எங்களுக்கு நாங்களே. ஆகவே ஏழுமலை தம் லாரி ஓட்டுநர்களுக்கு வைத்திருந்த விதியை எங்களுக்கும் வைத்தார். இறங்குபவன், ஏறுபவனுக்கு இருக்கைப் பட்டையைத் தன் கையால் மாட்ட வேண்டும். மாட்டும்போது அவன் காதில் வண்டியின் குறை ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இறங்கக் கூடாது. கேட்டவன், கேட்டதற்கு அடையாளமாக, சொன்னவனின் கையில் தட்ட வேண்டும்.

“குறை இல்லாவிட்டால்?” என்று நான் முதல் நாளே கேட்டேன். ஆசிரியன் அல்லவா!

“குறை இல்லாத வண்டி ஷோரூம்ல கூட கெடையாது சார். ஒண்ணும் இல்லன்னு சொல்றவன் ஒண்ணு வண்டிய பாக்கல... இல்லாங்காட்டி பொய் சொல்றான்.”

அந்த விதியை நாங்கள் ஒருமுறைகூட மீறியதில்லை. கியர் தடுமாறுகிறது, இடப்பக்கம் இழுக்கிறது, எண்ணெய் வாடை வருகிறது என்று ஏதேனும் ஒன்றைச் சொல்வோம். எதுவும் கிடைக்காவிட்டால் ஜமால் இட்டுக்கட்டுவான். “குறை இன்னான்னா சார், உங்க சீட்டு காலேஜ் பெஞ்சு மாதிரி கீது. உக்காந்தாலே தூக்கம் வருது!” நான் அவன் கையில் தட்டிவிட்டுப் போவேன். பட்டையில் அவனுடைய அத்தர் மணம் ஒட்டியிருக்கும். என் முறை முழுவதும் அந்த மணம் என் மார்பின்மேல் கிடக்கும்.

சோழவரத்தில் மற்ற அணிகள் கார்களை வண்டியில் ஏற்றிக் கொண்டுவரும். நாங்கள் பந்தயக் காரிலேயே, பின்னிருக்கையில் டயரும் சாப்பாட்டுக் கேரியருமாகப் போய் இறங்குவோம். எல்லோரும் எங்களை டாக்சி என்றே அழைத்தார்கள்.

“டாக்சி! சென்ட்ரல் வரியா?” என்று ஒருவன் கத்துவான்.

“வெயிட்டிங் சார்ஜ் தாங்குவியா மச்சான்?” என்பான் ஜமால்.

ஓராண்டிற்குள் அங்கே எல்லோருக்கும் அவன் பெயர் தெரிந்திருந்தது. என் பெயர் ஒருவருக்கும் தெரியாது. “ஜமால் டீமு சாரு” என்று என்னைச் சுட்டினார்கள். என் காரில், என் எண்ணத்தில், என் விடுமுறை நாள்களில் உருவான அணி... ஜமால் அணி!

1987இல் மூன்றாம் இடம் கிடைத்தபோது, கோப்பையை அவன் கையில் கொடுத்தார்கள். அவன் அதை அப்படியே என் கையில் வைத்து, என்னைத் தோள்மேல் தூக்கிக்கொண்டான்.

“இது சார் டீமு! நாங்கல்லாம் சும்மா டிரைவரு!”

கூட்டம் கைதட்டியது. அவன் தோளின்மேல் அமர்ந்திருந்த எனக்கு அவனைக் கீழே தள்ள வேண்டும்போல் இருந்தது. அவன் அதைத் தனக்கென்று வைத்துக்கொண்டிருந்தால் வெறுக்க ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். அதையும் அல்லவா எனக்குத் தராமல் போனான்!

இனி அந்த நாள்.

ஓடுதளத்தின் ஓரத்தில், வெள்ளை பூசிய டிரம் ஒன்று நின்றது. ஜமால் அந்த டிரம்மைத் தாண்டிய பிறகே வளைவிற்குப் பிரேக் மிதிப்பான். நான் அதற்கு வெகு முன்பே மிதித்துவிடுவேன். அன்று என் முறை வந்தபோது, ஏன் என்று தெரியவில்லை... இல்லை, தெரியும். நானும் டிரம்மைத் தாண்டியே மிதிப்பது என்று முடிவு செய்தேன்.

எங்களிடம் ஒரு சிலேட்டுப் பலகை உண்டு. சுற்று முடித்து வரும்போது ஏழுமலை அதில் சாக்குக்கட்டியால் எழுதிக் காட்டுவார். எனக்கு வழக்கமாக ‘சரி’ என்று எழுதுவார். ஜமாலுக்கு மட்டும் ‘சபாஷ்’. அன்று நான் டிரம்மைத் தாண்டி மிதித்த சில சுற்றுகளுக்குப் பின், பலகையில் எனக்கு ‘சபாஷ்’ இருந்தது.

படித்துப் பட்டம் பெற்று, பலருக்குப் பட்டம் பெற்றுத் தந்தவன் நான். அந்த ஒரு சொல்லுக்காக உயிரை விடவும் அப்போது ஆயத்தமாக இருந்தேன்... உயிரை விட்டிருக்க வேண்டியவனும் நான்தானே?

பிறகு பெடல் தளர்ந்தது. முதல் மிதியில் கீழே போயிற்று. மறுமுறை மிதித்தபோது பிடித்தது. அளவுக்கு மீறி மிதித்ததால் எழுந்த வெப்பம் பிரேக் எண்ணெயைக் கொதிக்கவைத்துவிட்டது. ஆண்டுதோறும் நான் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கும் பாடம் அது. வேகத்தைக் குறைத்து ஆறவிட்டிருக்கலாம். குறைத்தால் பலகையில் சொல் மாறிவிடும்! இருமுறை மிதித்து, இருமுறை மிதித்து, அப்படியே ஓட்டினேன்.

என் முறை முடிந்து உள்ளே வந்தேன். ஏழுமலை இடது முன்சக்கரத்தைக் கழற்ற உட்கார்ந்தார். தலையைத் தூக்காமலே கேட்டார்.

“சார், பிரேக்கு எப்டி கீது?”

“நல்லா இருக்கு.”

நீங்கள் இந்த இடத்தில் சற்றே நில்லுங்கள். நான் களைத்திருந்தேனா? மறந்தேனா? இல்லை. கெட்டுவிட்டது என்று சொன்னால், ஏன் கெட்டது என்று கேட்பார். ஜமாலைப்போல் ஓட்டப் போய்க் கெடுத்தேன் என்று நான் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். அவன் அந்த டிரம்மைத் தாண்டி மிதித்துக் கெடாத பிரேக், நான் மிதித்துக் கெட்டது! அந்த ‘சபாஷ்’ அழிந்துபோகும்.

ஜமால் ஏறி அமர்ந்தான். பட்டையை மாட்டினேன்.

“குறை இன்னா சார்?”

அவன் காது என் வாயருகே இருந்தது. பெடல் தாழ்கிறது, இருமுறை மிதி. ஒரு மூச்சில் சொல்லி முடிக்கலாம்.

“குறை ஒண்ணும் இல்லை.”

அவன் திரும்பினான். தலைக்கவசத்திற்குள் அவன் கண்கள் வியந்து விரிந்தன.

“ஒண்ணுமே இல்லியா? சூப்பர் சார்! இன்னிக்கு பிச்சிட்டீங்க!”

என் கையில் தட்டிவிட்டுப் போனான்.

அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும் என்று கேட்கும் உரிமை எனக்கில்லை. நான் வேண்டியது இதுதான்: பெடல் தாழ்ந்து, அவன் திடுக்கிட்டு, வளைவில் அகன்று புல்லில் இறங்கி, புழுதியோடு திரும்பி வரட்டும். ஒரே ஒரு சுற்று என்னைவிட மெதுவாக வரட்டும். பலகையில் அவனுக்குச் சொல் இல்லாத ஒரு சுற்று!

நின்ற நேரத்தில் பிரேக் சற்றே ஆறியிருந்தது. முதல் சுற்றுகளில் அவனுக்குப் பெடல் உறுதியாகவே இருந்திருக்கும். வெப்பம் ஏறியதும் மீண்டும் தளரும். அதுவும் எனக்குத் தெரியும். ஏழுமலை பலகையில் அவனுக்கு ‘சபாஷ்’ எழுதிக் காட்டினார். சாக்குக்கட்டியை, அங்கேயும் எனக்கென்று போட்டிருந்த நாற்காலியின் கைப்பிடிமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். பலகையும் பக்கத்தில் சாய்ந்திருந்தது. அந்தச் சொல்லை அழித்து, ‘பிரேக்’ என்று எழுதிக் காட்டியிருக்கலாம்.

என் கை எழுதிப் பழகிய கை. அது எழவில்லை.

பிறகு ஒரு சுற்றில் எங்கள் கார் வரவில்லை. அவ்வளவுதான் நான் கண்டது... கார் வரவில்லை. ஆட்கள் வளைவை நோக்கி ஓடினார்கள். ஏழுமலை எல்லோருக்கும் முன்னே, செருப்பில்லாமல் ஓடினார்.

மருத்துவமனை வராந்தாவில் அவர் என் அருகே வந்து நின்றார்.

“சார், நீங்க எறங்கசொல்ல பிரேக்கு நல்லா தான கீதுன்னீங்க?”

“ஆமாம்.”

“அப்ப... நடுவுல கை வெச்சது நான் ஒர்த்தன்தான் சார். சக்கரம் மாத்தசொல்ல ஸ்பேனர் பைப்ல பட்டுச்சோ இன்னாவோ...” தம் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். “என் கைதான் சார்.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் தோளில் கை வைத்து ஆறுதல் சொன்னேன்!

என் பொய் செய்த வேலையைப் பாருங்கள். இறங்கும்போது நன்றாக இருந்த பிரேக் ஏறிய பின் கெட்டதென்றால், இடையில் தொட்ட கைதானே குற்றவாளி? ஒரு நல்ல மனிதரின் தலையில் அந்தக் கணக்கை ஏற்றிவைத்தது நான். அதை அவர் தமக்குத்தாமே போட்டு, தமக்குத்தாமே விடை கண்டு, சரி என்று நம்பிவிட்டார்.

ஜமாலுக்கு நினைவு தெளிந்தபின் இருவரும் அவன் கட்டிலருகே நின்றோம். ஏழுமலை அழுதார்.

“நைனா, உன் மேல தப்பு இல்ல. சத்தியமா சொல்றேன்.”

“நீ பெரிய மனசுக்காரன் பாய். அதான் அப்டி சொல்ற.”

ஜமால் என்னைப் பார்த்தான். “சார், நீங்களாச்சும் நைனாகிட்ட சொல்லுங்க.”

“விபத்துதான் ஏழுமலை” என்றேன். “யார்மேலயும் தப்பு இல்லை.”

ஜமால் இன்னும் சிறிது நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். மருந்தின் மயக்கம் என்று எண்ணிக்கொண்டேன்.

ஏழுமலை அதன்பின் எந்த வண்டிக்கடியிலும் படுக்கவில்லை. நசுங்கிய காரைக் கொட்டகையின் மூலையில் தார்ப்பாய் போட்டு மூடினார். லாரிகளை விற்றார். கொட்டகையைச் சிமெண்ட் மூட்டைகள் அடுக்க வாடகைக்கு விட்டார். ஜமால் எத்தனை முறை ஆளனுப்பியும் அவன் வீட்டுப் படியேறவில்லை. “பாயோட அந்தக் கால நான் எப்டி பாக்கறது?” என்று மட்டும் சொல்லியனுப்பினார்.

ஜமால் குரோம்பேட்டையில் டயர்க்கடை வைத்தான். செயற்கைக் காலைத் தட்டிக் காட்டி வாடிக்கையாளர்களைச் சிரிக்கவைப்பான். “டியூப்லெஸ்ஸு சார், பஞ்சரே ஆவாது!” கடையில் எப்போதும் கூட்டம். நான் வாரந்தோறும் போவேன். தேநீர் வாங்கித் தருவான். எழுந்து புறப்படும்போது, எங்கள் பழைய வழக்கத்தை நினைவூட்டுவதுபோல் ஒவ்வொரு வாரமும் கேட்பான்.

“குறை ஒண்ணும் இல்லியே சார்?”

“ஒண்ணும் இல்லை ஜமால்.”

அன்பினால் கேட்கிறான் என்றே நினைத்தேன். அந்தக் கூட்டத்தையும், அந்தச் சிரிப்பையும், கோவிலம்பாக்கத்தில் ஒருவர் அவனுக்காகவே உருகிக்கொண்டிருப்பதையும் எண்ணிக்கொண்டு வீடு திரும்புவேன். கால் இழந்தவன்மீதும் பொறாமை! நீங்கள் இப்படிப்பட்ட ஒருவனைக் கண்டதுண்டா?

சென்ற அக்டோபரில் அவனைப் பல்லாவரம் பள்ளிவாசல் அடக்கத்தலத்தில் அடக்கம் செய்தோம். வந்தவர்கள் ஆளுக்கு மூன்று பிடி மண் போட்டார்கள். நானும் போட்டேன். திரும்பும்போது பார்த்தேன்: ஏழுமலை வாசலுக்கு வெளியே, கைகளைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு நின்றார்.

“உள்ளே வாங்க ஏழுமலை. ஒரு பிடி மண் போடுங்க.”

“வேணாம் சார். இந்தக் கையால போடக் கூடாது.”

என் கையில் மண் ஒட்டியிருந்தது. அதை நான் துடைத்துக்கொண்டேன்.

சில மாதங்கள் கழித்து, ஜமாலின் மனைவி ரஹீமா என்னைக் கூப்பிட்டனுப்பினார். துக்கத்திலும் பண்பு குறையாத பெண்மணி. தேநீர் வைத்துவிட்டு, தயங்கிக் கேட்டார்.

“அண்ணா, ஒண்ணு கேக்கணும். அவரு அடிக்கடி தனியா ஒரு வார்த்தை சொல்லிட்டே இருப்பாரு. ‘அன்னிக்கு சார் குறை சொல்லாம இறங்கிட்டாரு’ன்னு. என்னங்க அதுன்னு கேட்டா சிரிச்சுட்டு விட்டுடுவாரு. ‘சார் ஒரு நாள் அவரே சொல்வாரு’ன்னு சொல்வாரு. அப்படின்னா என்ன அண்ணா?”

கோப்பையைக் கீழே வைத்தேன். ஒரு துளியும் சிந்தவில்லை. நான் எப்போதும் அடக்கமானவன்.

“அது ரேஸ் பேச்சும்மா” என்றேன். “பழைய விளையாட்டு.”

ஆக, அவனுக்குத் தெரிந்திருக்கிறது! குறையே இல்லாத வண்டி இல்லை என்ற விதியில் வளர்ந்தவன் அல்லவா? கட்டிலில் கிடந்து யோசித்தபோதே தெரிந்திருக்கும். ‘நீங்களாச்சும் சொல்லுங்க’ என்றபோது எனக்கு வழி விட்டிருக்கிறான். ஒவ்வொரு வாரமும், தேநீருக்குப் பின், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். ஒவ்வொரு வாரமும் நான் கதவைச் சாத்திவிட்டு வந்திருக்கிறேன்.

அவன் ஏன் தானே சொல்லவில்லை? ஏழுமலையிடம் தன்னால் இயன்றதைச் சொன்னான். அவர் அதைக் கருணை என்று எடுத்துக்கொண்டார். மிச்சத்தைச் சொன்னால் என் பெயரைச் சொல்ல வேண்டும். அதைச் செய்ய வேண்டியவன் நான் என்று விட்டுவிட்டான். அது சரியா? ஏழுமலையின் ஆண்டுகளைப் பணயம் வைத்து என்மேல் நம்பிக்கை கொள்ள அவனுக்கு என்ன உரிமை? கோபப்பட முயன்றேன். அவன்மேல் ஒரு குறையாவது கிடைத்ததே என்று மகிழவும் முயன்றேன்... பாருங்கள், இதிலும் நான் அவனோடு போட்டிதான் போடுகிறேன்!

கடந்த வாரம் கோவிலம்பாக்கம் போனேன். சொல்லிவிடுவது என்றே போனேன். ஏழுமலை கொட்டகை வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

“இன்னா சார், இம்மாந்தூரம்!”

எழுந்து உள்ளே போனார். நாற்காலி கொண்டுவரப் போகிறார் என்று நின்றிருந்தேன். அரிவாளும் ஓர் இளநீருமாக வந்தார். பழக்கம் விட்ட கையால், மெதுவாக, தாமே சீவினார். அந்தக் கை மீண்டும் ஒரு கருவியைப் பிடித்ததை அன்றுதான் பார்த்தேன்.

“குடிங்க சார். இனிமே எனக்கு நீங்க ஒர்த்தர்தான். பாய் இருந்தா இத புடுங்கிகினு ஓடிருப்பான்.”

சொல்வதற்கு வாய் திறந்தேன். சொன்னால் என்ன ஆகும் என்பது ஒரே நொடியில் தெரிந்தது. அவர் கைகள் விடுதலை பெறும். அது நல்லது. ஜமால் அவர் மனத்தில் இன்னும் உயர்ந்து போவான். எல்லாம் தெரிந்தும் பொறுத்தவன் என்று. எனக்கு இந்த இளநீர் இனி ஒருபோதும் கிடைக்காது.

குடித்தேன். இனிப்பாக இருந்தது.

“மழை வர்ற மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

செய்யாமல் விட்டவை:

ரஹீமாவின் கேள்விக்கு உண்மையான விடை.

தார்ப்பாயை விலக்கி, இடது முன்சக்கரத்தருகே உட்கார்ந்து, பிரேக் குழாயில் ஸ்பேனர் பட்ட தடம் எதுவும் இல்லை என்று ஏழுமலையைத் தொட்டுப் பார்க்கச் செய்வது.

அவரைக் கைபிடித்துப் பல்லாவரம் அழைத்துச் சென்று, அந்த வாசலுக்கு உள்ளே விடுவது.

குறை சொல்வது.